ஸ்கேனர் சத்தம் போட்டால் உங்கள் மேல் தப்பு இல்லை

விமான நிலையத்தில் கையைத் தூக்கி நிற்கச் சொல்லும் அந்தக் கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்ததும் திரையில் உங்கள் இடுப்பிலோ காலிலோ ஒரு மஞ்சள் கட்டம் விழுந்தால், தயவுசெய்து பதறாதீர்கள். நீங்கள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று அந்த இயந்திரம் கண்டுபிடித்துவிடவில்லை. அந்த இடத்தில் அதற்குச் சரியாக விளங்கவில்லை, ஆகவே ஒரு மனுஷர் வந்து பார்க்கட்டும் என்கிறது, அவ்வளவுதான். இலங்கை மலையகத்தில் அட்டன் டவுனில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிற நான், கடைக்கு வருகிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகிறது என்பதால் இப்போது எழுதி வைக்கிறேன்.

கேட்பவர்கள் பலவிதம். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், லண்டனிலோ கனடாவிலோ கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற அம்மாமார், திருச்சிக்கும் சென்னைக்கும் கோயில் குளம் என்று கிளம்புகிற பெரியவர்கள். சிலருக்கு எக்ஸ்ரே பயம். சிலருக்கு உடுப்பில்லாமல் தெரியுமோ என்ற பயம். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது, சத்தம் போட்டால் பிடித்து வைத்துவிடுவார்களோ, விமானம் போய்விடுமோ என்ற பயம். "புள்ள, அதுக்குள்ள போகாம வேற வழியில போக ஏலாதா?" என்று மெதுவாகக் கேட்பார்கள்.

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நிறைய விமான நிலையங்களில் இருப்பது மில்லிமீற்றர் அலை ஸ்கேனர். இதன் அடிப்படைத் தொழில்நுட்பம் அமெரிக்காவின் பசிபிக் நோர்த்வெஸ்ட் தேசிய ஆய்வுகூடத்தில் உருவானது. நாம் நிற்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு கம்பம் நம்மைச் சுற்றி அரை வட்டமாக ஓடுகிறதே, அதிலிருந்து 24 முதல் 30 கிகாஹேர்ட்ஸ் அளவில் ரேடியோ அலை வருகிறது. அலைநீளம் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். காய்ந்த மெல்லிய துணியை அது கிட்டத்தட்ட துணியே இல்லாத மாதிரி கடந்துபோகும். தோலில் தண்ணீர்ச் சத்து இருப்பதால் அங்கே பட்டுத் திரும்பிவிடும், உடம்புக்குள் போகாது. திரும்பி வருகிற அலையை வைத்துக் கணினி உடம்பின் மேற்பரப்பைக் கட்டி எழுப்புகிறது. கைபேசியில் காது வைத்துப் பேசும்போது நம்மேல் படுகிற சக்தியோடு பார்த்தால் இது மிகமிகச் சொற்பம். எக்ஸ்ரேயும் இல்லை.

இதிலேயே தவறான அலாரத்துக்கான காரணமும் இருக்கிறது. துணி ஒரு மடிப்பாக இருந்தால் அலை கடக்கும். பல மடிப்பாக அடுக்கினால் தடுமாறும். துணி ஈரமானால், அது வேர்வையாக இருந்தாலும், தண்ணீர் அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். சரிகை, பெரிய பொத்தான், உள்ளே வைத்துத் தைத்த நாடா, எல்லாமே தோலுக்கு மேலே வேறு ஏதோ பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரித் தெரியும். ஸ்கேன் ஓடுகிற அந்த ஓரிரு விநாடியில் ஆடினாலும் படம் கலங்கிவிடும். அதனால்தான் பாதம் வரைந்த இடத்தில் காலை வைத்துக் கையைத் தூக்கி அசையாமல் நிற்கச் சொல்கிறார்கள்.

இது எப்படி வந்தது என்றால், 2009 டிசம்பர் 25ஆம் திகதி அம்ஸ்டர்டாமிலிருந்து டிட்ரொய்ட்டுக்குப் போன விமானத்தில் உமர் ஃபாரூக் அப்துல்முத்தல்லப் என்பவர் உள்ளாடைக்குள் தைத்த வெடிபொருளைப் பற்றவைக்கப் பார்த்தார். அது சரியாக வெடிக்கவில்லை, சக பயணிகள் அவரை மடக்கினார்கள். உலோகம் இல்லாத அந்தப் பொருளைப் பழைய உலோகம் கண்டறியும் வாசலால் பார்க்க முடியாது. ஸ்கேனர்கள் அதற்கு முன்பே அங்கங்கே இருந்தாலும், அதற்குப் பிறகுதான் வேகமாகப் பரவின. ஆரம்பத்தில் தனி அறையில் ஒருவர் உட்கார்ந்து உடம்பின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆகவே நம் அம்மாமாரின் அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. பெரிய எதிர்ப்பு வந்ததும் 2011இலிருந்து அமெரிக்காவில் மென்பொருளை மாற்றினார்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே மாதிரியான பொம்மைக் கோட்டுருவம்தான் திரையில் வரும், சந்தேகமான இடத்தில் கட்டம் விழும். எக்ஸ்ரே வைத்து வேலை செய்த இன்னொரு வகையும் இருந்தது. அதை ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒதுக்கியது. அமெரிக்க விமான நிலையங்களிலிருந்தும் 2013இல் எடுத்துவிட்டார்கள்.

படத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிற மனிதரை எடுத்துவிட்டு மென்பொருளை வைத்தது மானத்தைக் காப்பாற்றியது, நல்ல விஷயம். ஆனால் சேலை மடிப்பைப் பார்த்து "ஓ, இது துணி" என்று புரிந்துகொள்ளக்கூடிய கண்ணும் அதோடு போய்விட்டது.

எவ்வளவு தவறாக அடிக்கிறது என்று கேட்டால், ஜெர்மனிக்காரர்கள் செய்த பரிசோதனையைச் சொல்லலாம். 2010 செப்டெம்பரிலிருந்து 2011 ஜூலை வரை ஹம்பர்க் விமான நிலையத்தில் ஏறத்தாழ 8 லட்சம் பயணிகளை வைத்துப் பார்த்தார்கள். அங்கே தவறான அலாரம் 54 வீதம் என்று பின்னர் செய்தி வந்தது. அதாவது ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவரை ஒன்றுமே இல்லாமல் தடவிப் பார்த்தார்கள். துணி மடிப்பு, பொத்தான், வேர்வை எல்லாம் காரணங்கள். ஜெர்மன் உள்துறை அமைச்சு, இப்போதைக்கு இது நாடு முழுக்கப் போடுகிற அளவுக்குச் சரியில்லை என்று நிறுத்தி வைத்தது. பிறகு 70 முதல் 80 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்கிற புது ரக இயந்திரங்கள் வந்தன, மென்பொருளும் திருந்தியிருக்கிறது. எல்லா இடத்திலும் பாதிப் பேருக்கு அடிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டையும் காற்சட்டையும் போட்ட ஹம்பர்க் பயணிகளுக்கே அந்த நிலை என்றால், ஆறு கஜச் சேலை கட்டிய நம் பெண்ணுக்கு என்ன என்று யோசிக்க வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். கொட்டகலைப் பக்கத் தோட்டமொன்றில் பென்ஷன் வயது வரை கொழுந்து பறித்தவர். லண்டனில் இருக்கிற மகளின் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நான் கூட இருந்தேன். விமான நிலையத்தின் பெயர் வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கும். அன்றைக்கு அவர் மகள் வாங்கிக் கொடுத்த சரிகைக்கரைச் சேலை. கொசுவத்தைத் தடிப்பாக மடித்துச் செருகி மேலே ஊக்குக் குத்தியிருந்தார். கொண்டைக்குள் நாலைந்து ஊசி. உள்ளே ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன், கழற்றிவிட்டார்.

திரையில் தொப்புளுக்குக் கீழே ஒரு பெரிய கட்டம், தொடையில் இரண்டு பக்கமும் கட்டம், பின்தலையில் ஒன்று. அங்கே நின்ற பெண் அலுவலர் மரியாதைக்குறைவாக எதுவும் செய்யவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். நீலக் கையுறை போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுவிட்டு, கையின் பின்பக்கத்தால் கொசுவத்தின் மேல் அழுத்தினார். ஊக்குத் தட்டுப்பட்டதும் முந்தானையை ஒதுக்கச் சொன்னார். கொண்டையை விரல்களால் அமுக்கிப் பார்த்தார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் முன்னால். தனி அறை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பெரியம்மாவின் கண் என்னைத் தேடுகிறது, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பைகளோடு நிற்கிறேன், கிட்டே போக விடவில்லை. "நான் என்னத்தம்மா கொண்டு வந்தேன்" என்று அவர் தமிழில் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டேயிருந்தார். இரண்டு மூன்று நிமிஷம்தான். போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார்கள். ஆனால் கொசுவம் குலைந்து போயிருந்தது, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் பெரியம்மா செருப்பை மாட்டினார். நேரே கழிவறைக்குப் போய்ச் சேலையை முழுதாக அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். விமானத்தில் சாப்பாடு தொடவில்லை.

இதில் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை என்று கணக்கில் எழுதிவிடலாம். எந்தப் பதிவேட்டிலும் அந்த மூன்று நிமிஷம் இருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்து பல நாள் கழித்து அவர் சொன்னது வேறு. கையைத் தூக்கச் சொன்னதும் அவருக்கு நினைவு வந்தது தம்பிதான், அதாவது என் மாமா. சண்டைக் காலத்தில் கொழும்பில் கடை வேலைக்குப் போன நம் தோட்டத்துப் பையன்களைத் தெரியும்தானே. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரும் தோட்ட விலாசமும் இருந்தால் போதும், பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதனைச் சாவடியில் கையைத் தூக்கி நிற்க வைப்பார்கள். மாமாவை அப்படி ஒருமுறை கொண்டுபோய்விட்டு விசாரணை முடியும்வரை வைத்திருந்தார்கள், பெரியம்மாதான் பொலிஸ் நிலையம் நிலையமாக அலைந்தவர். கையைத் தூக்குவது அந்தத் தலைமுறைக்கு வெறும் கையைத் தூக்குவது கிடையாது. அந்த வெளிநாட்டு அலுவலருக்கு இது தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நமக்குத் தெரியும், ஆகவே நம் பெரியவர்களை அனுப்பும்போது முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. தவறான அலாரம் எல்லோருக்கும் சமமாக அடித்தால் சரி, பாதுகாப்புக்கு எல்லோரும் கொடுக்கிற விலை என்று விட்டுவிடலாம். ஆனால் அது ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. சேலை கட்டியவர், தலைப்பாகை கட்டிய சீக்கியர், தலையை மூடிய முஸ்லிம் பெண், அடர்ந்த முடியைப் பின்னிய கறுப்பினப் பெண். அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே 2018இல், தலையணிகளையும் முடியையும் ஸ்கேன் செய்வதைச் சிவில் உரிமைச் சட்டத்துக்கு ஏற்றபடி மேம்படுத்த வழி சொல்லுங்கள் என்று உற்பத்தியாளர்களைக் கேட்டது. திருநங்கைகளின் கதை இன்னும் கஷ்டம். பழைய மென்பொருளில் ஸ்கேன் தொடங்கும் முன் அலுவலர் ஆளைப் பார்த்து ஆண் அல்லது பெண் என்று ஒரு பொத்தானை அமுக்குவார், உடம்பு அந்தக் கணக்குக்கு ஒத்துவராவிட்டால் அலாரம், அதுவும் எந்த இடத்தில் என்று சொல்லத் தேவையில்லை. அந்த பொத்தானை நீக்கப்போவதாக அமெரிக்கா 2022 மார்ச்சில்தான் அறிவித்தது. ஓர் இயந்திரத்துக்கு எது வழக்கமான உடம்பு, எது வழக்கமான உடுப்பு என்று சொல்லிக் கொடுத்தவர்களின் மனதில் கொசுவம் வைத்த சேலை இருந்திருக்காது. அந்த விடுபடலின் விலையை வரிசையில் நின்று கொடுப்பது என் பெரியம்மா.

பரிசோதனையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் கிடையாது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் நமக்கு மறக்குமா. அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்தபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இயந்திரத்தின் உணர்திறனைக் குறைத்தால் உண்மையான ஆபத்தைத் தவறவிடும், கூட்டினால் ஒன்றுமில்லாதவருக்கு அடிக்கும், இந்த இழுபறியிலிருந்து எந்தக் கருவியும் தப்ப முடியாது. அதோடு வெடிபொருளோடு விமானம் ஏற வருகிறவர் கோடியில் ஒருவரா என்பதே சந்தேகம், அப்படியிருக்கும்போது அடிக்கிற அலாரம் கிட்டத்தட்ட எல்லாமே தவறானதாகத்தான் இருக்கும். இது கணக்கு. நாள் முழுக்க மடிப்பையும் பொத்தானையும் தடவிப் பார்க்கிற அலுவலரின் கவனம் சாயங்காலம் எப்படி இருக்கும்? ஆகவே தவறான அலாரத்தைக் குறைப்பது பயணியின் மானத்துக்காக மட்டும் செய்கிற உபகாரம் என்று யாரும் நினைக்கக் கூடாது, பாதுகாப்புக்கும் அது தேவை.

அப்புறம் கையைத் துடைத்துப் பார்க்கிற சோதனை. ஒரு சின்னத் துணித்துண்டால் உள்ளங்கையையோ பையையோ துடைத்து ஒரு பெட்டிக்குள் போடுவார்கள், வெடிபொருளின் துகள் இருக்கிறதா என்று பார்க்க. இதுவும் தவறாக அடிக்கும். கிளிசரின் கலந்த கிறீம் காரணமாகலாம். நைட்ரேட் உரம் காரணமாகலாம், நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள் கையை நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, தோட்டத்துக்குக் கொண்டுபோகிற பையைப் பயணத்துக்கு எடுக்காமல் விடுவது நல்லது. நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற மாத்திரையும் நைட்ரோகிளிசரின்தான், அதனால் அடித்திருக்கிறது. மருந்துச் சீட்டு கைப்பையில் இருக்கட்டும். மாத்திரையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

காலில் கம்பி, இடுப்பில் பிளேட் வைத்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மழைக்காலத்தில் மலையில் வழுக்கி விழுந்து ஒப்பரேஷன் செய்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். மில்லிமீற்றர் அலை தோலைத் தாண்டாது என்று சொன்னேனே, ஆகவே உள்ளே இருக்கிற கம்பியை இந்த ஸ்கேனர் பார்க்காது. உலோகம் கண்டறியும் வாசல்தான் அதற்கு அடிக்கும். வைத்தியரின் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் வைத்திருங்கள், கடிதம் இருந்தாலும் சோதிப்பார்கள், ஆனால் பேச்சுக் குறையும்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு பிரச்சினை இருக்கிறது. நள்ளிரவில் குளிரில் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளில் வாந்தி எடுத்து, அவிசாவளை தாண்டும்போதே புழுங்கத் தொடங்கி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது முதுகு நனைந்திருக்கும். அந்த ஈரத்தோடு எந்த ஸ்கேனரிலும் நிற்க வேண்டாம். ஸ்வெட்டரை வேனிலேயே கழற்றுங்கள், உள்சட்டை ஒன்றைக் கைப்பையில் வையுங்கள், வரிசைக்குப் போகும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். இடைமாறும் நிலையத்திலும் ஒருமுறை சோதனை இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

சேலையைப் பற்றி நிறைய யோசித்தேன். சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள், சிக்கல் குறையும் என்று சொல்வது லேசு. இளம் பெண்களிடம் சொல்கிறேன், அவர்களுக்கு அது வழக்கம்தான். அறுபது, எழுபது வருஷமாகச் சேலை தவிர வேறொன்றும் உடுத்தாத ஒருவரிடம் அதை என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். சரிகை இல்லாத மெல்லிய சேலை, குறைந்த மடிப்பு, ஊக்கில்லாத செருகல், ஊசியில்லாத பின்னல், இவ்வளவுதான் அவர்களுக்கு என் யோசனை. அப்படியும் அடித்தால் அடிக்கட்டும்.

அடித்தால் கேட்கக்கூடியது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். சோதிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். தனி இடத்தில் வைத்துப் பாருங்கள் என்று கேட்கலாம், கூட வந்தவர் ஒருவர் நிற்க வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஸ்கேனர் வேண்டாம், வேறு முறையில் சோதியுங்கள் என்று சொல்லும் உரிமை 2011இலிருந்து விதியிலேயே இருக்கிறது. பிரித்தானியாவில் 2013 இறுதியிலிருந்து தனி அறையில் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். அமெரிக்காவிலும் பெரும்பாலும் அப்படிக் கேட்க முடியும். சென்னை, திருச்சியில் பெண்களைத் திரை போட்ட கூண்டுக்குள் பெண் காவலர்தான் பார்ப்பார், அது நம்மவர்களுக்குப் பழகிய முறை, அங்கே போய்வந்தவர்கள் குறை சொல்லி நான் கேட்டதில்லை. திரை ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதுதான் விளங்கும்.

நம் நாட்டில் யார் எந்த ஸ்கேனரை எப்போது வாங்கினாலும் ஒன்று செய்யட்டும். காசு கொடுக்கும் முன் அதை நம் ஆட்களை வைத்துச் சோதியுங்கள். கொசுவம் வைத்த சேலை, இடுப்பில் சுருக்கு வைத்த கண்டி ஒசரி, சாரம், பர்தா, அரைஞாண் கயிறு, தாயத்து, பெரிய கொண்டை, எல்லாவற்றையும் உள்ளே நிறுத்தி எத்தனை பேருக்கு ஒன்றுமில்லாமல் அடிக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைப் பொதுமக்களுக்குத் தெரியப்படுத்துங்கள். இதில் தமிழ், சிங்களம், முஸ்லிம் என்ற பேதமில்லை, ஒசரி கட்டிய ஆசிரியைக்கும் என் பெரியம்மாவுக்கும் அந்த இயந்திரம் ஒரே இடத்தில்தான் கட்டம் போடும். வெளிநாட்டில் விற்கும்போது கொடுக்கிற காகிதத்தை நம்பி வாங்கினால் அது கோட்டு சூட்டுக்காரரின் கணக்காகத்தான் இருக்கும்.

தனியாகப் போகிற அம்மாமாருக்காக ஒரு சின்ன அட்டை அடித்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் ஆங்கிலத்தில், "எனக்குத் தமிழ் மட்டும் தெரியும், பெண் அலுவலர் ஒருவர் தனி அறையில் சோதிக்கும்படி கேட்கிறேன், என் சேலையில் பல மடிப்புகள் இருக்கின்றன" என்று இருக்கும். மறுபக்கம் அதுவே தமிழில், கொடுப்பவருக்குத் தான் என்ன கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டுமே. கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துக்கொள்கிற அளவுதான். என்னிடம் டிக்கெட் போட்டிருக்க வேண்டும் என்றில்லை, அட்டன் பக்கம் வந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் மேலே எழுதியதை அப்படியே ஒரு தாளில் அடித்துக் கொடுத்துவிடுங்கள்.